ஐயாயிரம், பத்தாயிரம், ஏழு ஆண்டுகள்: ஒரு குழந்தையின் ஜீவனாம்சக் கணக்கு

மகாராஷ்டிரத்தில் ஒரு பெண், மகன் பிறந்த சிறிது காலத்திலேயே, 2013 ஜனவரியில் கணவர் வீட்டை விட்டு வெளியேறினார். அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று, தமக்கும் அந்தக் கைக்குழந்தைக்கும் இடைக்கால ஜீவனாம்சம் கோரிக் குடும்ப நல நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். அந்த மனுவிலிருந்து எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2020 நவம்பர் 4 அன்று நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, ஆர். சுபாஷ் ரெட்டி ஆகியோரின் தீர்ப்பில் முடிந்தது. குற்றவியல் மேல்முறையீடு எண் 730/2020 என்ற அந்த வழக்கு, நீதிமன்ற வட்டாரங்களில் தரப்பினரின் பெயரால்தான் அறியப்படுகிறது. ஆனால் இன்றும் பள்ளி வயதில் இருக்கும் ஒரு சிறுவனின் வாழ்க்கை அதில் அடங்கியிருப்பதால், இந்த ஆய்வில் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

இந்தியாவில் குழந்தைக்கான ஜீவனாம்சம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த வழக்கைவிடப் பொருத்தமான வேறொன்று எனக்குத் தெரியவில்லை. தீர்ப்பில் வகுக்கப்பட்ட நெறிமுறைகள் அதற்கு ஒரு காரணம் என்றாலும், அந்த நெறிமுறைகள் ஏன் தேவைப்பட்டன என்பதை வழக்கின் போக்கே காட்டிவிடுகிறது என்பதுதான் முதன்மையான காரணம்.

குடும்ப நல நீதிமன்றம் 2015 ஆகஸ்ட் 24 அன்று இடைக்கால உத்தரவைப் பிறப்பித்தது. மனைவிக்கு 2013 செப்டம்பர் 1 முதல் மாதம் 15,000 ரூபாய். மகனுக்கு அதே நாள் முதல் 2015 ஆகஸ்ட் 31 வரை மாதம் 5,000 ரூபாயும், 2015 செப்டம்பர் 1 முதல் மறு உத்தரவு வரும் வரை மாதம் 10,000 ரூபாயும். இந்த உத்தரவை எதிர்த்துக் கணவர் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வுக்குச் சென்றார். அங்கே 2018 ஆகஸ்ட் 14 அன்று அவருடைய மனு தள்ளுபடியானது. அதன் பிறகு அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

மகனுக்கான தொகையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். குழந்தைக்கு இரண்டரை வயதானபோது தொகை இரட்டிப்பாகியிருக்கிறது. பாலும் மருந்தும் மட்டுமே செலவாக இருக்கும் பருவமும், விளையாட்டுப் பள்ளிக் கட்டணமும் சீருடையும் வண்டிச் செலவும் தொடங்கும் பருவமும் ஒன்றல்ல என்பதைக் குடும்ப நல நீதிமன்றம் உணர்ந்திருந்தது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்த உணர்வு ஒரே ஒரு படியோடு நின்றுவிட்டது. 2015 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 10,000 ரூபாய், சிறுவனுக்கு ஏழரை வயதான 2020-இலும் அதே 10,000 ரூபாயாகவே இருந்தது. அந்தத் தொகை வளரும் பிள்ளையின் செலவுக்குப் போதவில்லை என்றும், 2020-2021 கல்வியாண்டின் கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்றும், கட்டணம் செலுத்தாவிட்டால் இணையவழி வகுப்புக்கான இணைப்பை அனுப்புவதைப் பள்ளி நிறுத்திவிடும் என்றும் தாய் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். கொரோனா முடக்கத்தின்போது அந்த இணைப்புதான் ஒரு குழந்தைக்கு வகுப்பறை.

மகனுக்கான தொகையைத் தர ஆட்சேபம் இல்லை என்றும், தாம் இப்போது வேலையில் இல்லாமல் தந்தையுடன் வசிப்பதால் மனைவிக்கான 15,000 ரூபாயைத்தான் தர இயலவில்லை என்றும் கணவர் தரப்பு கூறியது. உச்ச நீதிமன்றம் அந்தக் கூற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. விசாரணையின் தொடக்கத்திலேயே, 2005-06 முதலான வருமான வரிக் கணக்குகளையும் மதிப்பீட்டு உத்தரவுகளையும் பாஸ்போர்ட்டின் நகலையும் தாக்கல் செய்யுமாறு அவருக்கு உத்தரவிட்டிருந்தது. ஜீவனாம்ச வழக்கில் பாஸ்போர்ட் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வங்கிக் கணக்கில் தெரியாத வெளிநாட்டு வேலையும் பயணமும் அதன் பக்கங்களில் முத்திரையாகப் பதிந்திருக்கும். வருமானத்தைப் பற்றி ஒருவர் சொல்வதையும் அவர் வாழ்ந்த விதத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட எளிய ஆவணம் கிடையாது.

2019 செப்டம்பரில், நிலுவையில் 2,00,000 ரூபாயைச் செலுத்துமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த மாதம் பார்த்தபோது ஒரு பகுதி மட்டுமே செலுத்தப்பட்டிருந்தது. மீதியைச் செலுத்தத் தவறினால் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்கப்படும் என்று எச்சரித்து இறுதி வாய்ப்பு தரப்பட்டது. 2013 செப்டம்பர் முதல் 2020 அக்டோபர் வரை 86 மாதங்கள். முதல் 24 மாதங்களுக்கு 5,000 ரூபாய் வீதம் 1,20,000. அடுத்த 62 மாதங்களுக்கு 10,000 ரூபாய் வீதம் 6,20,000. ஆக, மகனுக்காக மட்டும் அந்தக் காலத்துக்குச் செலுத்தப்பட வேண்டியிருந்த தொகை 7,40,000 ரூபாய். தாய்க்கான 12,90,000 ரூபாயையும் சேர்த்தால் மொத்தம் 20,30,000. இடைக்கால நிவாரணம் என்ற பெயரில் ஒரு குடும்பத்துக்கு உரிய தொகை இந்த அளவுக்குப் பெருகும் வரை வழக்கு நீண்டது.

அட்டவணை இல்லாத கணக்கு

பிரிட்டனில் இதற்கு ஒரு நேரடியான சூத்திரம் உண்டு. தந்தையோ தாயோ, குழந்தையோடு வசிக்காத பெற்றோரின் மொத்த வார வருமானம் 200 பவுண்டு முதல் 800 பவுண்டு வரை இருந்தால், ஒரு குழந்தைக்கு 12 விழுக்காடு, இரண்டு குழந்தைகளுக்கு 16, மூன்று அல்லது அதற்கு மேல் 19 என்று அரசுத் துறையே கணக்கிட்டுச் சொல்லிவிடும். குழந்தை அவர் வீட்டில் தங்கும் இரவுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தொகை குறையும். இந்தியச் சட்டத்தில் இப்படி ஓர் அட்டவணை கிடையாது. ஜீவனாம்சம் கோர வழிசெய்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் ஒருகாலத்தில் இருந்த ஒரே எண், மாதம் 500 ரூபாய்க்கு மேல் வழங்கக் கூடாது என்ற உச்சவரம்புதான். அதுவும் 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அந்தப் பிரிவின் இடத்தில், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு நடைமுறையில் இருக்கிறது. அதிலும் தொகைக்கான சூத்திரம் எதுவும் சேர்க்கப்படவில்லை.

எண்ணுக்குப் பதிலாகச் சட்டம் தருவது அளவுகோல்களை. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பு என்பது உணவு, உடை, இருப்பிடம், கல்வி, மருத்துவம் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கியது என்று வரையறுக்கிறது. அந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, பிள்ளைகளைப் பராமரிக்கும் கடமை தந்தைக்கும் உண்டு, தாய்க்கும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், தொகை போதுமானதாகவும் நியாயமானதாகவும், பாதிக்கப்பட்டவர் பழகிய வாழ்க்கைத் தரத்துக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. முஸ்லிம் குழந்தைகளைப் பொறுத்தவரை, 1986-ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் (விவாகரத்து உரிமைகள் பாதுகாப்பு) சட்டம் விவாகரத்தான பெண்களைப் பற்றியதே தவிரக் குழந்தைகளின் 125-ஆம் பிரிவு உரிமையைக் குறைக்காது என்று உச்ச நீதிமன்றம் 1997-இலேயே தெளிவுபடுத்திவிட்டது.

எண் இல்லாத இடத்தில் நீதிமன்றங்கள் தாங்களாகவே சில வழிகளை உருவாக்கிக்கொண்டன. அவற்றுள் மூன்று அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன.

தில்லி உயர் நீதிமன்றம் 2004-இல் சொன்னது பங்கு முறை. கணவன், மனைவி இருவரின் நிகர வருமானத்தையும் ஒன்றாகச் சேர்த்து, சம்பாதிப்பதற்கே தனிச் செலவு இருப்பதால் கணவருக்கு இரண்டு பங்கும், மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பங்குமாகப் பிரிப்பது. குடும்பம் ஒன்றாக இருந்திருந்தால் பணம் எப்படிப் பகிரப்பட்டிருக்குமோ, ஏறத்தாழ அப்படியே பிரிந்த பிறகும் பகிரப்பட வேண்டும் என்பது இதன் அடிப்படை.

இரண்டாவது விழுக்காட்டு முறை. 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு மனைவிக்கு நியாயமான தொகை என்ற 1970-ஆம் ஆண்டு முன்னுதாரணத்தை நினைவூட்டியது. மாதம் 95,527 ரூபாய் நிகரச் சம்பளம் பெற்றவர் மனைவிக்கும் மகனுக்குமாகத் தர வேண்டிய 23,000 ரூபாயை, அவருக்கு மறுமணத்தின் வழியாக இன்னொரு குடும்பமும் குழந்தையும் இருப்பதைக் கருதி 20,000 ஆகக் குறைத்தது. இந்த 25 விழுக்காட்டைச் சட்டவிதி போலப் பலர் சொல்லக் கேட்கிறோம். அது அந்தந்த வழக்கின் சூழலில் சொல்லப்பட்ட அளவு மட்டுமே. அதைவிட முக்கியமாக, அது மனைவியை மையமாக வைத்துப் பிறந்த எண். எத்தனை குழந்தைகள், அவர்களுக்கு என்ன வயது என்ற கேள்விகள் அதற்குள் இல்லை.

மூன்றாவது முறையை உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் பெற்றோர் இருவருமே வேலையில் இருந்த ஒரு வழக்கில் கையாண்டது. முதலில் குழந்தையின் தேவை எவ்வளவு என்று பார்த்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 3,000 ரூபாய் என்று முடிவுசெய்தது. தந்தையின் சம்பளம் தாயின் சம்பளத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததால், அந்தத் தொகையை 2:1 என்ற விகிதத்தில் இருவரும் ஏற்க வேண்டும் என்றது.

இம்மூன்றும் ஒரே குடும்பத்துக்கு எவ்வளவு வேறுபட்ட விடைகளைத் தரும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். தந்தையின் கைக்கு வரும் சம்பளம் மாதம் 60,000 ரூபாய், தாயின் சம்பளம் 20,000 ரூபாய், தாயிடம் வளரும் குழந்தைகள் இருவர் என்று கொள்வோம். பங்கு முறையில் மொத்தம் 80,000. தந்தைக்கு இரண்டு, மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று என ஐந்து பங்குகள். ஒரு பங்கு 16,000. தாயும் குழந்தைகளும் சேர்ந்த வீட்டுக்கு 48,000 சேர வேண்டும். தாயிடம் 20,000 இருப்பதால் தந்தை தர வேண்டியது 28,000. விழுக்காட்டு முறையை இயந்திரம் போலப் பொருத்தினால் 15,000. இரு குழந்தைகளின் மாதச் செலவு 24,000 என்று ரசீதுகளால் நிறுவப்பட்டு, 3:1 என்ற வருமான விகிதத்தில் பிரித்தால் தந்தையின் பொறுப்பு 18,000. சம்பளமும் குடும்பமும் மாறாமலே 15,000-க்கும் 28,000-க்கும் இடையில் விடை அலைகிறது. எந்த நீதிமன்றத்தில், எந்த ஆவணங்களோடு, எந்த வாதத்தை முன்வைத்தோம் என்பதைப் பொறுத்து ஒரு குழந்தையின் மாத வாழ்க்கை இவ்வளவு மாறலாமா என்ற கவலை நியாயமானது.

என்னைக் கேட்டால் மூன்றாவது முறையே குழந்தைக்கு நேர்மையானது. மற்ற இரண்டும் பெற்றோரின் வருமானத்தில் தொடங்குகின்றன. இது மட்டும் குழந்தையின் தேவையிலிருந்து தொடங்கி வருமானத்துக்கு வருகிறது. நம் பேச்சு வழக்கில் ஜீவனாம்சம் என்றாலே மனைவிக்கு உரியது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதனால் மனுக்களிலும் எனக்கும் குழந்தைக்கும் மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையாகக் கேட்டுவிடுகிறார்கள். நாளை தாய் வேலைக்குச் சென்றாலோ மறுமணம் செய்தாலோ அவருக்குரிய பகுதி குறையலாம், நிற்கலாம். அப்போது எவ்வளவு தாயுடையது, எவ்வளவு குழந்தையுடையது என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும். நம் வழக்கில் மகனுக்கான தொகை தொடக்கத்திலிருந்தே தனியாக நின்றதால்தான், மனைவிக்கான தொகையை மறுத்த கணவராலும் மகனுக்கான தொகையை மறுக்க முடியவில்லை.

வருமானம் என்று எதைச் சொல்வது

எந்த முறையானாலும், அதற்குள் இடும் எண் சரியாக இருந்தால்தான் விடை சரியாக வரும். பொதுவாக நீதிமன்றங்கள் கழிக்க அனுமதிப்பது வருமான வரி, கட்டாய வருங்கால வைப்பு நிதி போன்ற சட்டப்படியான பிடித்தங்களை. வீட்டுக் கடன் தவணை, வாகனக் கடன் தவணை, விருப்பத்தின்பேரில் கூடுதலாகச் செலுத்தும் வைப்பு நிதி, நண்பரிடம் வாங்கியதாகச் சொல்லப்படும் கைமாற்று ஆகியவற்றைக் கழித்து, கைக்கு வருவது 8,000 ரூபாய்தான் என்று சம்பளச் சீட்டைக் காட்டும் வாதம் பெரும்பாலும் எடுபடுவதில்லை. அவற்றில் பல தம் சொத்தைப் பெருக்கிக்கொள்ளும் வழிகளே. குழந்தையின் சாப்பாட்டுக்கு முன்னால் அவை வர முடியாது.

வேலை இல்லை என்ற வாதத்துக்கும் எல்லை உண்டு. உடல்நலமுள்ள ஒருவர், சம்பாதிக்கும் திறன் இருந்தும் வருமானம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்பது நீதிமன்றங்களின் நிலைத்த கருத்து. உடல் உழைப்பால் சம்பாதித்தாவது மனைவியையும் குழந்தைகளையும் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது.

இருந்தும், உண்மையான எண்ணை நீதிபதியின் முன்னால் கொண்டுவருவதுதான் இத்தகைய வழக்குகளின் பெரும் சிக்கல். ஒரு தரப்பு தன் வருமானத்தைக் குறைத்துக் காட்டுகிறது. மறு தரப்பு தன் தேவையைக் கூட்டிக் காட்டுகிறது. இடையில் நீதிபதி ஊகிக்க வேண்டியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மிகப் பெரிய பங்களிப்பு இந்த இடத்தில்தான். சொத்து, கடன், வருமானம், செலவு ஆகியவற்றை வெளிப்படுத்தும் பிரமாணப் பத்திரத்தை இரு தரப்பும் தாக்கல் செய்வதை அது நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. அதற்கான படிவத்தையும் தீர்ப்போடு இணைத்தது. விவசாய வருமானத்தை நம்பியிருப்பவர்களுக்குத் தனிப் படிவமும், தாய்வழிச் சமூக மரபு கொண்ட மேகாலயாவுக்கு வேறொரு படிவமும் தரப்பட்டன. எதிர்த்தரப்பு பொதுவாக நான்கு வாரங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்காக இரண்டு வாய்தாக்களுக்கு மேல் கொடுக்கக் கூடாது. பத்திரம் தாக்கலானதிலிருந்து நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் இடைக்கால மனுவை முடிக்க முயல வேண்டும். வேண்டுமென்றே பொய்யான விவரம் தந்தால், அதற்கான குற்ற நடவடிக்கையையும் அவமதிப்பு நடவடிக்கையையும் நீதிமன்றம் பரிசீலிக்கலாம்.

குழந்தையின் செலவு என்பதற்குள் என்னென்ன வரும் என்பதையும் தீர்ப்பு விரித்துச் சொன்னது. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம், கல்வி ஆகியவற்றோடு, கூடுதல் பயிற்சி வகுப்புகளும் தொழிற்பயிற்சியும் கணக்கில் சேர வேண்டும். ஆனால் அது நியாயமான அளவுக்குள் இருக்க வேண்டும், ஆடம்பரமாகக் கோரக் கூடாது. கல்விச் செலவைப் பொதுவாகத் தந்தையே ஏற்க வேண்டும். தாயும் போதிய அளவு சம்பாதிப்பவராக இருந்தால், வருமான விகிதப்படி இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். டியூஷனும் நீட் பயிற்சியும் நடுத்தரக் குடும்பத்தின் வழக்கமான செலவாகிவிட்ட நம் மாநிலத்தில், இந்த வரிகளைப் பெற்றோர் கவனமாகப் படிப்பது நல்லது.

எந்த நாள் முதல்

பலரும் மாதத் தொகையைப் பற்றியே வாதாடுகிறார்கள். அது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பது அதே அளவு முக்கியம். 125-ஆம் பிரிவின்படி, உத்தரவு தேதியிலிருந்தும் வழங்கலாம், மனுத் தேதியிலிருந்தும் வழங்கலாம். இதனால் ஒவ்வொரு நீதிமன்றமும் ஒவ்வொரு விதமாக நடந்துவந்தது. எல்லா வழக்கிலும் மனுத் தாக்கல் செய்த நாள் முதல் வழங்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒரே நெறியை வகுத்தது. இப்படியொரு நெறி இல்லாவிட்டால் என்ன ஆகக்கூடும் என்பதை நம் வழக்கிலேயே பார்க்கலாம். குடும்ப நல நீதிமன்றம் உத்தரவு தேதியைத் தேர்ந்திருந்தால், மனுவுக்குப் பிந்தைய முதல் 24 மாதங்களுக்கு அந்தக் குழந்தைக்குரிய 1,20,000 ரூபாய் ஏறத்தாழ முழுவதும் அழிந்திருக்கும். வாய்தா வாங்கி இழுத்தடிப்பவருக்கு அந்தத் தாமதமே லாபமாகிவிடும்.

பல சட்டங்களின் கீழ் ஒரே நேரத்தில் மனுக்கள் இருந்தால், முந்தைய உத்தரவை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்றில் கிடைக்கும் தொகையை மற்றொன்றில் ஈடுசெய்து கணக்கிட வேண்டும் என்பதும் தீர்ப்பின் நெறி.

இறுதியில் உச்ச நீதிமன்றம், மனைவிக்கு 15,000, மகனுக்கு 10,000 என்ற உத்தரவை உறுதிசெய்து, முழு நிலுவையையும் 12 வாரங்களுக்குள் செலுத்துமாறு ஆணையிட்டது. குடும்ப நல நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்த மூல மனுவை ஆறு மாதங்களில் முடிக்குமாறும் சொன்னது. நெறிமுறைகள் வகுத்த தீர்ப்பு என்ற வகையில் அதன்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஏழரை வயதுப் பையனுக்கு இரண்டரை வயதில் நிர்ணயித்த தொகையே அந்த நாளிலும் தொடர்ந்தது என்பதை மறக்க முடியவில்லை. ஆண்டுதோறும் தானாக உயரும் ஏற்பாட்டைக் குழந்தையின் தொகைக்குப் பொதுநெறியாக வகுத்திருக்கலாம். 2025 மே மாதம் ஒரு மனைவிக்கு மாதம் 50,000 ரூபாய் நிரந்தர ஜீவனாம்சம் வழங்கியபோது, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. வளராத தேவைகளுக்கே அப்படியொரு ஏற்பாடு முடியும் என்றால், ஆண்டுக்கு ஒரு வகுப்பு ஏறும் குழந்தைக்கு அது இன்னும் அவசியம்.

நெறிமுறைகள் வந்த பிறகும் நிலைமை முழுதாக மாறிவிடவில்லை. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், ஒரு குழந்தைக்குக் குடும்ப நல நீதிமன்றம் வழங்கிய மாதம் 20,000 ரூபாயை மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் 7,500 ஆகக் குறைத்திருந்தது. போதிய காரணம் சொல்லப்படவில்லை என்று அதை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்து, மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பியது. பிரமாணப் பத்திர நெறிமுறை பல நீதிமன்றங்களில் பின்பற்றப்படவில்லை என்பதைக் குறிப்பிட்டு, 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மீண்டும் அனைத்து நீதிமன்றங்களுக்கும் அனுப்பச் சொன்னது.

செலுத்தத் தவறினால், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். சிறை சென்றாலும் கடன் தீராது என்று 1989-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள், அதை வசூலிக்கக் கோரும் நிறைவேற்று மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். எப்படியும் தருவார் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடும் தாய்மார்களுக்கு நேரும் இழப்பு பெரியது.

ஏற்கெனவே உத்தரவு பெற்றவர்கள், சூழ்நிலை மாறியதைக் காட்டித் தொகையை உயர்த்தக் கோரலாம். அதற்கு வழிசெய்த பழைய 127-ஆம் பிரிவு இப்போது சன்ஹிதாவின் 146-ஆம் பிரிவாக இருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கட்டண ரசீது, புத்தகம், சீருடை, வண்டிக் கட்டணம், மருத்துவரின் சீட்டு ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் சேர்த்து, முந்தைய உத்தரவு வந்த ஆண்டின் செலவை ஒரு பக்கமும் இந்த ஆண்டின் செலவை மறுபக்கமும் எழுதி வைத்தால், அந்த மனுவுக்குத் தேவையான கணக்கில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.